ஊரின் பெயரைச் சுமந்தவர்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

     

இலக்கிய மேடையில் விளையாட்டு வீரர்களைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். கவிதைக்கும் கதைக்கும் உரிய விழாவில் ஓட்டக்காரருக்கும் சடுகுடுக்காரருக்கும் என்ன இடம் என்று கேட்பது இயல்பே. ஆனால் தமிழ் மரபு அப்படிப் பிரித்துப் பார்த்த மரபன்று. வாழ்வை அகம் என்றும் புறம் என்றும் பகுத்து, இரண்டுக்கும் இலக்கணம் கண்ட மொழி தமிழ். தொல்காப்பியம் கூறும் புறத்திணைகளுள் முதலாவது வெட்சி. ஆநிரை கவர்தலும் அதனை மீட்டலும் அதன் பொருள். அந்தப் பூசல்களில் ஓடியும் துரத்தியும் மற்போரிட்டும் நின்றவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர்களின் இளைஞர்கள். வேந்தர்களைப் பாடிய தமிழ், அவர்களையும் பாடிற்று.

பாடியதோடு நிற்கவில்லை, கல்லிலும் எழுதிற்று. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் தமிழி எழுத்துகள் பொறிக்கப்பெற்றவை. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோள் பூசலில் உயிர்நீத்த தீயன் அந்தவன் என்பவனுக்காக எடுக்கப்பட்டது. ஊர்ப்பெயர், நிகழ்ச்சி, ஆளின் பெயர் ஆகிய மூன்றும் அக்கல்லில் உள்ளன. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கிடைத்த பல்லவர் கால நடுகல்லோ, வீரனோடு நின்று போராடிய நாயின் பெயரையும் விடவில்லை. கோவிவன் என்னும் அந்த நாயின் பெயர் பதின்மூன்று நூற்றாண்டுகளைக் கடந்து இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

இங்கே ஓர் உண்மையைக் கருத வேண்டும். நடுகல் பெரும்பாலும் வென்று திரும்பியவனுக்கு எடுக்கப்பட்டதன்று; வீழ்ந்தவனுக்கு எடுக்கப்பட்டது. ஊருக்காகக் களம் இறங்கினான் என்பதே அவனுடைய தகுதி. வென்றானா தோற்றானா என்பது இரண்டாவது கேள்வி. இந்தப் பண்பு இன்றைய ஊர்களிடம் எஞ்சியிருக்கிறதா? சிற்றூர்களில் பிறந்து உலகக் களங்களில் நின்ற நால்வரின் வாழ்க்கையை முன்வைத்து இக்கேள்விக்கு விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

மணத்தி

தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர் மணத்தி. அவ்வூரின் பெயரைத் தமிழகத்தின் பிற பகுதியினர் அறிந்தது நிலவரைபடத்தைப் பார்த்தன்று. ஓர் ஆட்டக்காரரின் பெயரைக் கேட்டுத்தான். மணத்தி கணேசன் என்று ஊரை முன்னொட்டாகக் கொண்டே அவர் அறியப்பெற்றார். 1990-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி முதன்முறையாகப் பதக்கத்துக்குரிய ஆட்டமாகச் சேர்க்கப்பட்டது. அடுத்து 1994-இல் ஹிரோஷிமாவில் நடந்த போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் கணேசன் இடம்பெற்றார். அர்ஜுனா விருதும் அவரை வந்தடைந்தது. மாரி செல்வராஜின் இயக்கத்தில் 2025-இல் வெளிவந்த 'பைசன் காளமாடன்' திரைப்படம் அவருடைய வாழ்க்கையிலிருந்து கருக்கொண்டது.

சடுகுடு என்று ஊரார் அழைக்கும் இவ்வாட்டத்துக்குப் பந்து வேண்டா, மட்டை வேண்டா, வலை வேண்டா. அறுவடை முடிந்த வயலோ, நீர் வற்றிய கண்மாயோ போதும். மண்ணைக் கொத்திக் கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்துப் பதமாக்கி, சுண்ணாம்புத் தூளால் கோடு கிழித்தால் களம் அமைந்துவிடும். திருவிழாவை ஒட்டிய இரவுகளில் மின்விளக்கு கட்டி, ஒலிபெருக்கி வைத்து, விடிய விடிய ஆட்டம் நடக்கும். ஏழைக்கு உகந்த ஆட்டம் என்று இதனைக் கூறுவதுண்டு. செலவில்லாத ஆட்டம் என்பது உண்மை. தடையில்லாத ஆட்டம் என்பது முழு உண்மையன்று. ஒரு பிரிவார் ஆடும் களத்தில் இன்னொரு பிரிவார் கால்வைக்க இயலாத ஊர்கள் இருந்தன. இன்று அவை அடியோடு மறைந்துவிட்டன என்று கூறவும் இயலாது. சிற்றூரில் பிறந்த ஆட்டக்காரன் எதிரணியைத் தொடுமுன் தாண்டவேண்டிய கோடுகள் பல. சுண்ணாம்பால் இட்ட கோடு அவற்றுள் மிக எளியது.

சடுகுடுவில் ஒரு விதி உண்டு. ஆட்டமிழந்து வெளியேறியவன் அத்தோடு முடிந்துபோவதில்லை. அவனுடைய தோழன் ஒருவன் எதிரணியாளை வீழ்த்தும்போது, வெளியே அமர்ந்திருப்பவன் எழுந்து மீண்டும் களத்துக்குள் வருகிறான். உயிர் பெற்று வருதல் என்று அதனைச் சொல்வர். பிற ஆட்டங்கள் பலவற்றில் வெளியேற்றம் என்றால் வெளியேற்றந்தான். ஆனால் தோழன் வென்றால் வீழ்ந்தவன் எழுவான் என்பது மண்ணில் விளைந்த இவ்வாட்டத்தின் நீதி. இந்த நீதியை அவையோர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். உரையின் பிற்பகுதிக்கு அது தேவைப்படும்.

பெரியவடகம்பட்டி

சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த பெரியவடகம்பட்டியில் 1995-இல் பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து மோதி, வலக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. தாய் செங்கல் சுமந்தும் பின்னர்க் காய்கறி விற்றும் பிள்ளைகளை வளர்த்தார். மருத்துவச் செலவுக்கு வாங்கிய கடன் குடும்பத்தைப் பல்லாண்டுகள் அழுத்தியது.

பள்ளியில் அச்சிறுவன் கைப்பந்து ஆடினான். அவனிடம் தாண்டும் திறன் இருப்பதைக் கண்டவர் உடற்கல்வி ஆசிரியர். பதினான்காம் வயதில் உடற்குறை அற்ற மாணவர்களோடு போட்டியிட்டு உயரந்தாண்டுதலில் இரண்டாமிடம் பெற்றான். பின்னர்ப் பயிற்சியாளர் சத்தியநாராயணா அவரைப் பெங்களூருக்கு அழைத்துச் சென்று செதுக்கினார். 2016-ஆம் ஆண்டு ரியோ இணை ஒலிம்பிக்கில் மாரியப்பன் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளி 2021-இல் நடந்த டோக்கியோ போட்டியில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி. 2024-இல் பாரிசில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம். அடுத்தடுத்து மூன்று இணை ஒலிம்பிக் போட்டிகளில் பதக்கம் பெறுவது எளிதில் வாய்ப்பதன்று. 2017-இல் பத்மஸ்ரீ விருதும், 2020-ஆம் ஆண்டுக்குரிய கேல் ரத்னா விருதும் அவருக்கு அளிக்கப்பட்டன.

இப்பதக்கக் கணக்கைச் செய்தித்தாள் படிப்போர் அனைவரும் அறிவர். இலக்கிய வட்டத்தார் ஊன்றி நோக்க வேண்டியது வேறொன்று. 2016-இல் பரிசுத்தொகை கிடைத்தபோது மாரியப்பன் செய்த செயல்களுள் ஒன்று, தாம் படித்த அரசுப் பள்ளிக்கு 30 இலட்சம் ரூபாய் தர முன்வந்தது. பள்ளிக்குப் போகும் வழியில் காலை இழந்தவர், அப்பள்ளியை மறக்கவில்லை. ஏனெனில் அங்கேதான் ஓர் ஆசிரியரின் கண் அவருடைய காலில் இருந்த குறையைக் கடந்து அவருள் இருந்த ஆற்றலைப் பார்த்தது.

இன்று எத்தனை பள்ளிகளில் அத்தகைய கண்கள் உள்ளன? கால அட்டவணையில் விளையாட்டுப் பாடவேளை என்று எழுதப்பட்டிருக்கும். தேர்வு நெருங்கினால் அதைக் கணக்கும் அறிவியலும் எடுத்துக்கொள்ளும். பல தொடக்கப் பள்ளிகளில் உடற்கல்விக்கென்று தனி ஆசிரியரே இல்லை. மாரியப்பனைப் போற்றும் ஊர், தன் பள்ளியில் அந்தப் பாடவேளை நடக்கிறதா என்று கேட்பதில்லை என்றால், அந்தப் போற்றுதல் வாயளவினதே.

சின்னப்பம்பட்டி

அதே சேலம் மாவட்டத்தில் உள்ள மற்றோர் ஊர் சின்னப்பம்பட்டி. தந்தை நெசவுக்கூடத்தில் வேலை பார்த்தார். தாய் சாலையோரம் கோழி வறுவல் விற்றார். ஐந்து பிள்ளைகளுள் மூத்தவர் நடராஜன். டென்னிஸ் பந்தில் ஊர் ஊராகச் சென்று ஆடியவர். முறையான கிரிக்கெட் பந்தை அவர் கையிலெடுத்தது இருபது வயதை ஒட்டித்தான். ஊர்க்காரர் ஒருவர் அவரை இனங்கண்டு சென்னைக்கு அழைத்துச் சென்று வழிகாட்டினார். அவருடைய பெயரைக் குறிக்கும் ஜே.பி. என்னும் எழுத்துகளை நடராஜன் தம் ஆட்டச் சட்டையில் பெயரோடு சேர்த்து அணிந்தார். செய்ந்நன்றியறிதல் என்னும் அதிகாரத்துக்கு அதனினும் எளிய உரை எழுத முடியாது.

2015-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அணிக்காக ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமான உடனேயே, அவர் பந்தை எறியும் முறையில் ஐயம் எழுப்பப்பட்டது. அறிமுகமே முடிவாகிவிடும் என்னும் நிலை. ஆனால் அவரைப் பயிற்சியாளர்கள் கைவிடவில்லை. முறையைத் திருத்திக் கொடுத்தனர். அவரும் பல மாதங்கள் உழைத்துத் தம்மை மாற்றிக்கொண்டார். அந்தக் காலத்தில் அவருக்குத் துணைநின்றவர்கள் இல்லையாயின், பின்னர் நிகழ்ந்தது எதுவும் நிகழ்ந்திராது.

பின்னர் நிகழ்ந்ததை நாடே கண்டது. 2020-ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியா சென்ற இந்திய அணிக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகவே அவர் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒருவர் பின் ஒருவராக முன்னணி வீரர்கள் காயமுற்றனர். ஒருநாள் ஆட்டம், இருபது ஓவர் ஆட்டம், டெஸ்ட் ஆட்டம் ஆகிய மூன்றிலும் ஒரே பயணத்தில் அறிமுகமான முதல் இந்தியர் என்னும் பெருமை நடராஜனைச் சேர்ந்தது. பிரிஸ்பேன் டெஸ்டில் முதல் இன்னிங்சில் அவர் மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1988-க்குப் பிறகு அந்தத் திடலில் தோல்வியே காணாதிருந்த ஆஸ்திரேலியாவை இந்தியா 2021 ஜனவரி 19-ஆம் நாள் வென்றது. இப்பயணத்துக்குச் சற்று முன்னர்ப் பிறந்த தம் குழந்தையின் முகத்தை ஊர் திரும்பிய பின்னரே அவர் நேரில் பார்த்தார்.

சின்னப்பம்பட்டி அவரைத் தேரில் ஏற்றி அழைத்துச் சென்றது. மேளதாளம் முழங்க, மாலைகள் குவிய, ஊரே தெருவில் திரண்டது. அந்தக் காட்சியைக் குறைகூற யாருக்கும் மனம் வராது. உலகம் திரும்பிப் பார்த்திராத ஊரில், அந்த ஊரின் மகன் தேரேறி வருவதைக் கண்டு கண்ணீர் விட்ட முதியவர்களின் மகிழ்ச்சி மெய்யானது. ஆயினும் தேர் நிலைக்கு வந்தபின் எஞ்சுவது எது? நடராஜன் அதற்கு விடை கூறினார். தம் ஊரிலேயே திடல் ஒன்றை அமைத்தார். 2023-இல் அது திறந்துவைக்கப்பட்டது. தாம் ஆடும்போது இல்லாத ஒன்றைத் தமக்குப் பின் ஆடுவோருக்கு உண்டாக்கினார். தேர் ஒருநாள் ஓடும். திடல் நாள்தோறும் இருக்கும்.

இங்கும் ஒரு கேள்வி எழுகிறது. மாரியப்பன் பள்ளிக்குத் தந்தார். நடராஜன் திடல் தந்தார். ஊர் தந்திருக்க வேண்டியவற்றை ஊரின் பிள்ளைகளே தம் உழைப்பின் ஊதியத்திலிருந்து தந்தனர். கடன்பட்டவர் யார், கடன் தீர்த்தவர் யார் என்பதை ஊரார் தமக்குள்ளே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கத்தக்குறிச்சி

மூவரின் வரலாற்றிலும் இடர் உண்டு. முடிவில் வெற்றி உண்டு. கேட்பதற்கு இனிமையானவை அவை. நான்காவது வரலாறு அத்தகையதன்று. அதனால்தான் அது கூறப்பட வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் 1981-இல் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர். ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த எளிய குடும்பம். ஓட்டம் ஒன்றே அக்குடும்பத்துக்கு வெளியுலகின் கதவைத் திறந்தது. 2005-இல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். 2006 டிசம்பரில் தோகாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் அதே ஓட்டத்தில் 2 நிமிடம் 3.16 நொடியில் ஓடி இரண்டாவதாக வந்தார்.

சில நாட்களில் அவரிடம் பாலினச் சோதனை நடத்தப்பட்டதாகவும், அதில் அவர் தேறவில்லை என்றும் செய்தி வெளியாயிற்று. பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் ஊக்கமருந்து உட்கொண்டவர் அல்லர்; யாரையும் ஏமாற்றியவரும் அல்லர். தாம் பிறந்த உடலோடு ஓடினார், அவ்வளவே. ஒரு பெண்ணின் உடலைப் பற்றிய மருத்துவச் செய்தி, மருத்துவருக்கும் அவருக்கும் இடையே மறைவாக இருந்திருக்க வேண்டியது, நாடெங்கும் தொலைக்காட்சியில் ஓடிற்று. அவர் பிறந்த வீடும் தெருவும் அதைப் பார்த்தன. அந்த நாட்களில் அவர் பட்ட துயரத்தை விரிப்பதற்குச் சொல் வேண்டா.

அப்போதைய முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதி, அறிவித்தவாறே 15 இலட்சம் ரூபாயை அவருக்கு வழங்கினார். பதக்கம் போயிற்று என்பதற்காகப் பரிசு நிறுத்தப்படவில்லை. அது பெருந்தன்மையான செயல் என்பதை அரசியல் வேறுபாடு கடந்து எவரும் ஒப்புவர். அத்தொகையைக் கொண்டு சாந்தி தமக்கு மாளிகை எழுப்பிக்கொள்ளவில்லை. புதுக்கோட்டைப் பகுதிச் சிறுவர் சிறுமியர்க்கு ஓட்டப் பயிற்சி அளித்தார். பணம் கரைந்தது. 2012-இல் அவர் செங்கல் சூளையில் நாட்கூலிக்கு வேலை செய்கிறார் என்னும் செய்தி வெளியானபோதுதான் நாடு அவரை மீண்டும் நினைத்தது. அதன்பின் பெங்களூரில் முறையான பயிற்றுநர் படிப்பை முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்றுநராகப் பணியமர்ந்தார். பதக்கம் மட்டும் திரும்பவில்லை.

இதனோடு வேறொரு நிகழ்ச்சியை ஒப்பிட்டுக் காணலாம். தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த காஸ்டர் செமென்யா, 2009-இல் பெர்லினில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் இதே 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அவரிடமும் இதே கேள்வி கேட்கப்பட்டது. ஆனால் அவர் நாடு திரும்பியபோது ஜோகனஸ்பர்க் விமான நிலையத்தில் பெருந்திரள் அவரை ஆடிப்பாடி வரவேற்றது. அரசும் மக்களும் அவர் பக்கம் உறுதியாக நின்றனர். பதக்கம் அவரிடமே இருந்தது. 2012, 2016 ஆகிய இரண்டு ஒலிம்பிக் போட்டிகளின் தங்கமும் பின்னர் அவரைச் சேர்ந்தன. ஒடிசாவின் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த ஓட்ட வீராங்கனை துதீ சந்த்தும் 2014-இல் இத்தகைய விதியால் தடுக்கப்பட்டார். இந்திய விளையாட்டு ஆணையம் துணைநிற்க, அவர் விளையாட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்காடினார். 2015-இல் அவ்விதி நிறுத்திவைக்கப்பட்டது. அவர் களம் திரும்பினார்.

உடலின் இயல்பு பற்றிய அறிவியல் விவாதமும், பெண்கள் பிரிவில் நேர்மையான போட்டி வேண்டும் என்னும் வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. விதிகள் பலமுறை மாறியுள்ளன; 2025-இல் உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவில் போட்டியிடுவோர்க்கு மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கிற்று. விதியை வகுப்பது அறிஞர் பணி. ஆனால் விதியால் வீழ்த்தப்பட்டவரை எப்படி நடத்துவது என்பது ஊரின் பணி. இனியும் ஏதேனும் ஒரு சிற்றூரின் மகளிடம் அந்தக் கேள்வி கேட்கப்படலாம். அப்போது அவளுடைய தெரு அவளை எப்படிப் பார்க்கும்? செமென்யாவுக்கும் துதீ சந்த்துக்கும் சாந்திக்கும் இடையே இருந்த வேறுபாடு கால்களின் வேகத்தில் இல்லை. பின்னால் நின்றவர்களின் எண்ணிக்கையில் இருந்தது.

சடுகுடுவின் விதியை இங்கே நினைக்க வேண்டும். தோழன் வென்றால் வீழ்ந்தவன் எழுவான். சாந்தி வெளியேற்றப்பட்டபோது அவருக்காகக் கோட்டைத் தாண்டிச் சென்று தொட்டுவர ஆளில்லை. ஆண்டுகள் கழித்து அவர் தம்மைத் தாமே உயிர்ப்பித்துக்கொண்டு, பிறரை ஓடச்செய்யும் பயிற்றுநராகக் களத்துக்குள் வந்தார். அவருடைய தகுதிக்கு ஊரும் நாடும் இன்னும் கல் எடுக்கவில்லை.

எது பாராட்டு?

ஊர்களின் மகிழ்ச்சியைக் குறைப்பது இவ்வுரையின் கருத்தன்று. மாலையும் தேரும் வேண்டுபவையே. ஆனால் பாராட்டு என்பது ஒருநாள் நிகழ்ச்சியாக நின்றுவிடலாகாது. அது மூன்று கடமைகளாக விரிய வேண்டும்.

முதற்கடமை களம். 2024-இல் தமிழ்நாடு அரசு 12,525 ஊராட்சிகளுக்கும் விளையாட்டுக் கருவிகளின் தொகுப்பு வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. வரவேற்கத்தக்க செயல். பந்தும் மட்டையும் வந்தபின், அவற்றைக் கொண்டு ஆடுவதற்கு இடம் எங்கே என்னும் கேள்வி ஊராட்சியைச் சேர்ந்தது. புறம்போக்கு நிலங்கள் கட்டடங்களாகியும் வேலியடைக்கப்பட்டும் சுருங்கி வருகின்றன. எஞ்சிய இடத்திலும் மாலை நேரத்தில் ஆடுவோர் ஆண்பிள்ளைகளே. பெண்பிள்ளை ஓட விரும்பினால் விடியுமுன் தார்ச்சாலையில் ஓட வேண்டும். வண்டிகளுக்கும் பார்வைகளுக்கும் ஒதுங்கி ஓட வேண்டும். ஊரின் திடல் என்றால் அது எல்லாத் தெருக்களின் பிள்ளைகளுக்கும், ஆண் பெண் இருபாலார்க்கும் உரிய திடலாக இருத்தல் வேண்டும்.

இரண்டாங்கடமை ஆசிரியர். மாரியப்பனைக் கண்டவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர். நடராஜனைக் கண்டவர் ஓர் ஊர்க்காரர். திறமை சிற்றூர்களில் அரிதன்று. அதைக் காணும் கண்ணே அரிது. பள்ளி ஆண்டு விழாவில் கணக்கில் முதலிடம் பெற்றவனுக்குத் தரும் கைதட்டல், மாவட்டப் போட்டிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவளுக்கும் கிடைக்குமாயின், அந்தப் பள்ளியில் கண் திறந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மூன்றாங்கடமை துணை. காயமுற்றவர், தோற்றவர், விதியால் வெளியேற்றப்பட்டவர், வயது கடந்து களம் விட்டவர் ஆகியோர்க்கு ஊர் துணைநிற்க வேண்டும். எல்லா ஊரிலும் அத்தகையோர் உண்டு. ஒரு காலத்தில் மாவட்டமே பேசிய பாடிக்காரர் இன்று சுமை தூக்குகிறார். மாநில அளவில் ஓடிய பெண் திருமணமாகிச் சென்ற ஊரில், அவள் ஓடினாள் என்பதே எவருக்கும் தெரியாது. சான்றிதழ்கள் தகரப்பெட்டியின் அடியில் கிடக்கின்றன. அவர்கள் தோற்றவர்கள் அல்லர், ஊர் மறந்தவர்கள்.

இலக்கிய வட்டத்தின் பணி

இந்த மூன்று கடமைகளுள் முதலிரண்டும் ஊராட்சிக்கும் பள்ளிக்கும் உரியவை. மூன்றாவதில் இலக்கிய வட்டத்துக்கும் பங்குண்டு. மறதிக்கு மருந்து எழுத்து. கல்வெட்டறிஞர்கள் கல்தேடி ஊர் ஊராக அலைந்ததால்தான் தீயன் அந்தவன் பெயரும் கோவிவன் பெயரும் இன்று தெரிகின்றன. அதுபோல, வாழும் வீரர்களின் பெயர்களை அவர்கள் வாழும்போதே எழுதிவைக்க வேண்டும்.

பத்தாண்டு நிறைவை ஒட்டி இலக்கிய வட்டம் ஒரு பணியை மேற்கொள்ளலாம். சுற்றியுள்ள ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பதிவேடு திறக்கலாம். இளவட்டக்கல் தூக்கியவர், சிலம்பம் சுற்றியவர், சடுகுடு ஆடியவர், ஓடியவர், தாண்டியவர் என்று ஒவ்வொருவரின் பெயரையும், ஊரையும், ஆடிய ஆண்டையும், அவர் சொல்லக் கேட்ட நினைவுகளையும் அதில் எழுதலாம். வென்றவர், தோற்றவர் என்னும் பிரிவு அதில் வேண்டா. ஊர், சேரி என்னும் பிரிவும் வேண்டா. மகளிர் பெயர்கள் தந்தை பெயராலோ கணவர் பெயராலோ மறைக்கப்படாமல், அவர்களுடைய பெயராலேயே எழுதப்பட வேண்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு குறிப்பேடும், கேட்கும் பொறுமையும் போதும். நடுகல்லில் இருந்தவையும் அவ்வளவே: ஊர்ப்பெயர், நிகழ்ச்சி, ஆளின் பெயர்.

கணேசன் தம் பெயருக்கு முன்னால் மணத்தியைச் சுமந்தார். மாரியப்பன் பெரியவடகம்பட்டியையும், நடராஜன் சின்னப்பம்பட்டியையும், சாந்தி கத்தக்குறிச்சியையும் உலகறியச் சுமந்தனர். ஊரின் பெயரை அவர்கள் சுமந்தார்கள். அவர்களின் பெயரை ஊர் சுமக்க வேண்டும்; வென்ற நாளில் மட்டுமன்று, வீழ்ந்த நாளிலும் சுமக்க வேண்டும். இவ்விழா மலரைப் புரட்டும் இளைஞர் ஒருவர் தம் தெருவில் அப்படி மறக்கப்பட்ட ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டி, 'நீங்கள் ஆடிய காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்பாராயின், அன்று அந்த ஊர் தன் முதற்கல்லை எடுத்துவிட்டது என்று கொள்ளலாம்.